பாக்காவ் காட்டில் ஏழு நாக்குக் கத்தி

1. தண்ணீர் வற்றிக் கிடந்தது. சேறு, அவித்த முட்டை கெட்டுப்போனது போல் நாறியது.
2. தந்திக் கம்பி ஓரிடத்தில் இல்லாததை அப்பா கண்டார்.
3. புதுக் கம்பிச் சுருளையும் கருவிப் பையையும் எடுத்துவர அந்தோணி மாமா சம்பான் படகுக்குத் திரும்பினார்.
4. அப்பாவின் கத்தியால் நான் சார்டின் டின்னைத் திறந்தேன்.
5. அப்பாவின் இடது கால் பன்றிக் கண்ணியில் மாட்டியது.
6. அவர் கத்தியைக் கேட்டார். நான் கொடுத்தேன். அது சேற்றில் விழுந்தது.
7. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, விபத்தில் சிக்கி வருகிறவர்களிடம் கேட்டு இப்படித்தான் எழுத வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள்: எண் போட்டு, நடந்த வரிசையில், அழுகையும் யூகமும் சேர்க்காமல். பழகிப் பார்ப்பதற்காக ஒருநாள் விடுதியில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஒரே பெரிய விபத்தை எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது ஆறாவது வரி சரியில்லை என்று தெரிந்தது. பல வருஷங்களாக எல்லாரிடமும் நான் சொல்லிவந்த வரி அது. அதைத் திருத்துவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அப்பா தந்திக் கம்பி பார்க்கும் வேலையில் இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வீடு இருந்தது. அவரோ மாதத்தில் பாதி நாள் காட்டில்தான் இருப்பார். ஊருக்குத் திரும்பிய ஒரு நில அளவைத் துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன மடக்குக் கத்தி எப்போதும் அவர் இடுப்பு வாரில் தொங்கும். மாட்டுக்கொம்புப் பிடி, அதற்குள் ஏழு மடிப்பு. எங்கள் வரிசை வீடுகளில் அதற்கு "ஏழு நாக்கு" என்று பெயர். பெரிய அலகு பிரம்பு சீவவும் கம்பியின் மேலுறை உரிக்கவும். சின்ன அலகு காலில் ஏறிய அட்டையை வழித்தெடுக்க. வாள்பல் போட்ட அலகு, தந்திமரத்தின்மேல் சாய்ந்த கிளையை அறுக்க. ஊசிமுனை முள் எடுக்கவும், தோல் வாரில் புதுத் துளை போடவும். திருப்புளி, கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழின் ஆணியை முறுக்க. கொக்கி டின் திறக்க. ஏழாவது ஒரு சுருள் கம்பி. துரைமார் புட்டிகளின் தக்கையைப் பிடுங்குவதற்கென்று இருந்ததை, அப்பா மரத்துளைக்குள் சிக்கிய பழைய கயிற்றை இழுக்கப் பயன்படுத்தினார். காட்டில் ஒரு பட்டறையே அவர் இடுப்பில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. கோடரியும் பாராங் என்ற வெட்டுக்கத்தியும் பெரிய காரியங்களுக்கு. மனிதனைக் காட்டில் நிறுத்துவதும் வீழ்த்துவதும் சின்னக் காரியங்கள்தான் என்பார் அவர்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும். வாங்குபவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அரிவாள்மணைக்கும் அப்படித்தான், ஊசிக்கும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் அம்மா, "ஆகாது" என்பார். அதற்குமேல் விளக்கம் இல்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் எந்தக் கத்தியையும் யார் கையிலும் கொடுத்ததில்லை.

அப்பாவோடு வேலை பார்த்த அந்தோணி மாமா கிள்ளானில் மாதா கோயில் பக்கம் குடியிருந்தவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

"எங்க வீட்ல நாங்க கையிலதான் குடுக்கிறோம் தங்கச்சி. இன்னும் யாரும் சாவல."

"உங்க வீட்டுக் கத்தி மொட்டையா இருக்கும்ண்ணே," என்பார் அம்மா, வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

எனக்குப் பத்து வயதான ஆண்டு, அம்மா பிரசவத்துக்குக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காய்ச்சல். அந்த வாரம் பார்த்து, கேரி தீவை நோக்கிச் சதுப்புக்குள் போகும் கம்பியில் செய்தி போகவில்லை என்று அப்பாவை அனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் போனது அப்படித்தான்.

சம்பானை ஓர் ஓடைக்கரையில் கட்டிவிட்டுத் தந்திமரங்களைத் தொடர்ந்து நடந்தோம். இரண்டு பக்கமும் பாக்காவ் என்னும் சதுப்பு மரங்கள், விரல்களைச் சேற்றில் ஊன்றி எழுந்து நிற்பவைபோல வேர்களின்மேல் நின்றன. அவற்றின் தண்டுகளில் ஒரே மட்டத்தில் ஒரு கறுப்புத் தடம் ஓடியது. கீழே பழுப்பு, மேலே சாம்பல். அந்தத் தடம் என் தலைக்கு மேலே இருந்தது. அது என்னவென்று கேட்டேன்.

"தண்ணி நின்ன அடையாளம்," என்றார் அப்பா. "மத்தியானத்துக்கு அப்புறம் ஏறும். அதுக்குள்ள போயிருவோம்."

"நீ பயப்படாத பாப்பா," என்றார் அந்தோணி மாமா. "உங்கப்பன் உயரம். அவரு தோள்ல ஏறிக்க. நான்தான் குட்டை, எனக்குத்தான் சங்கு."

எண்ணிக்கொண்டே நடந்தேன்; அப்போதும் எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. பதினோராவது தந்திமரத்தை அடைந்தபோது மேலே கம்பி இல்லை. அடுத்த மரம் வரை வெறும் வானம். அறுந்து தொங்கவும் இல்லை. இரண்டு முனையும் சீராக வெட்டப்பட்டிருந்தன. அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"எவனுக்கு இவ்ளோ கம்பி?" என்றார்.

"துணி காயப்போட எடுத்திருப்பானுக," என்றார் மாமா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு சம்பானுக்குத் திரும்பிப் போனார்.

அப்பா சாப்பாட்டை எடுக்கச் சொல்லிக் கத்தியை ஒரு வேரின்மேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். கொக்கியைச் சார்டின் டின்னில் குத்தித் திறந்தேன். எண்ணெய் வழிந்து என் கையும் கத்திப் பிடியும் நனைந்தன. அப்போது சேறு முழுவதும் ஓடிக்கொண்டிருந்த சின்ன நண்டுகள் ஒவ்வொன்றாக வேர்களில் ஏறத் தொடங்கின. எவ்வளவு அழகு என்றுதான் நினைத்தேன். அவை எதற்காக ஏறுகின்றன என்பது தெரிந்த மனிதர் என்னிடமிருந்து இருபது அடி தள்ளி, வெட்டுப்பட்ட முனையைப் பார்க்க அடுத்த மரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அப்பா உட்காருவதுபோலத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் முழங்கால் வரை ஒரு குழிக்குள் இறங்கி நின்றார். சேற்றுக்கு அடியில் கண்ணி. அவர் காலை இழுக்க இழுக்க அது இறுகியது. கையைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"நம்ம கம்பிதான்," என்றார்.

அவருடைய தந்தி வழியிலிருந்து வெட்டியெடுத்த கம்பியையே காட்டுப்பன்றிக்குக் கண்ணியாக வைத்திருந்தார்கள். மணிக்கட்டுப் பருமனான ஒரு முளையில் அதன் மறுமுனை கட்டியிருந்தது. முளை அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அறுத்தால் போதும், கம்பி தளர்ந்துவிடும். வாள்பல் அலகுக்கு அது பத்து நிமிட வேலை.

"கத்தியக் கொண்டா, மா. ஓடாத. வேர் மேலயே வா."

வேர் மேலேயே போனேன். கையெட்டும் இடத்தில் நின்றேன். கத்தியை நீட்டினேன்.

ஆம், நீட்டினேன். இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. அன்றைக்கு எனக்கு அம்மாவின் "ஆகாது" நினைவில் வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கத்தியை இன்னொருவர் கையை நோக்கி நேராக நீட்டினேன். அப்பாவும் கையை நீட்டினார். நீட்டியவர், பாதியில் விரல்களை மடக்கிக்கொண்டு, பக்கத்து வேரைத் தட்டிக் காட்டினார்.

"இங்க வை."

வைத்தேன். வேர் உருண்டை, ஈரம், கத்தியில் எண்ணெய். அவர் எடுப்பதற்குள் அது நழுவியது. சேறு அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு மேலே மூடிக்கொண்டது. விழுந்த இடத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

நான் படுத்துத் தோள்வரை கையைவிட்டுத் துழாவினேன். அப்பாவும் துழாவினார். எங்கள் கைகள் உள்ளே ஒன்றையொன்று தொட்டன, வேறெதுவும் தட்டுப்படவில்லை. துழாவிக்கொண்டிருக்கும்போதே என் கன்னத்தில் தண்ணீர் பட்டது. வேர்களுக்கு இடையே சத்தமில்லாமல், இலைகளைத் தூக்கிக்கொண்டு அது வந்துகொண்டிருந்தது.

"மாமாவைக் கூப்பிடு," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "கம்பி பாக்கிறவங்க மரத்தத் தட்டுவோம். மூணு தட்டு. அவன் காதை வச்சான்னா கேக்கும்."

முன்பு மாமா தட்டிக் காட்டி, என்னைக் காது வைக்கச் சொல்லியிருக்கிறார். தட்டிய ஓசை மரத்திலிருந்து கம்பிக்கு ஏறி அடுத்தடுத்த மரத்தில் "ங்ங்" என்று இறங்கும். பக்கத்தில் நின்ற தந்திமரத்தைக் கட்டையால் மூன்று முறை தட்டினேன். மறுபடி மூன்று. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். அது பன்னிரண்டாவது மரம். மாமா இருந்த பக்கத்துக்குக் கம்பி இல்லை.

பிறகு ஓடினேன். பதினோரு மரம். தண்ணீர் கணுக்கால், முழங்கால், இடுப்பு. சம்பானில் மாமா சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா பாப்பா, உங்கப்பன் சார்டின் பூராத்தையும் தின்னுட்டாரா?" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் சுருட்டைத் தண்ணீரில் போட்டார்.

அதற்குள் சம்பானே மரங்களுக்கிடையே போகும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் தலை மட்டும் தெரிந்தது. முகவாயை மேலே தூக்கி, ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தோளிலும் காதிலும் நண்டுகள் ஏறியிருந்தன. மாமா கம்பி வெட்டும் குறடோடு நான்கு முறை மூழ்கினார். நான்காவது முறை அப்பா சம்பான் விளிம்பில் வந்து விழுந்தார்.

துடுப்புப் போட்டுக்கொண்டே மாமா கேட்டார், "கத்தி எங்கண்ணே?"

அப்பா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்: "நான் கீழ போட்டுட்டேன் மாமா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கால் கறுத்தது. அம்மா தம்பியைப் பெற்றுப் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "புள்ள கையில கத்தியக் குடுக்கலாமா?" என்று அம்மா பல வருஷம் அப்பாவைக் கேட்டார். அவர் ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பழக்கத்தால்தான் நான் கீழே வைத்தேன் என்று மாமா தானாகவே ஊகித்துக்கொண்டு, "உங்க ஆகாது ஒரு காலத் தின்னுருச்சு தங்கச்சி," என்றார். அம்மா அவரை உள்ளே அழைப்பதை நிறுத்திவிட்டார்.

இப்போது எனக்குக் கணக்குத் தெரியும். இறுகிய கட்டுக்குக் கீழே சதை எத்தனை நேரம் தாங்கும், எப்போது நிறம் மாறும், எதற்குப் பிறகு காப்பாற்ற முடியாது என்பதெல்லாம் பாடத்தில் இருக்கின்றன. அந்தக் கால் இரண்டரை மணி நேரம் கம்பிக்குள் இருந்தது. கத்தி கைக்குப் போயிருந்தால் பத்து நிமிடம், அல்லது பதினைந்து. இதை முதலில் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு வார்டுக்குப் போய், வேலையில்லாமலே எல்லாக் கட்டிலையும் சரிசெய்தேன்.

போன மாதம் பயிற்சித் தோழிகளோடு கிள்ளானுக்குப் போனபோது அந்தப் பக்கம் பார்த்தேன். காடு இல்லை. மண்கரை எழுப்பிக் கடலைத் தள்ளிவிட்டு வரிசையாகத் தென்னை வைத்திருக்கிறார்கள். பாக்காவ் மரங்களை விறகுக்கும் கரிக்கும் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தந்தி வழி இப்போது சாலையோரமாகப் போகிறது. தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று காட்ட ஒரு தண்டுகூட மீதமில்லை.

இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன், விடுமுறையில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இங்க வை" என்ற இடத்தில் நிறுத்தாமல் படித்தேன். அவர் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நாலு தடவ இல்ல. அந்தோணி அஞ்சு தடவ முங்கினான்," என்றார்.

"மத்ததெல்லாம் சரியாப்பா?"

எழுந்து உள்ளே போனார்.

இன்றோடு ஆறு நாள் ஆகிறது. சோறு வைத்தால் சாப்பிடுகிறார், தம்பியோடு பேசுகிறார், என்னோடு பேசவில்லை. நான்கு என்பதை நான் இன்னும் திருத்தவில்லை.