முன் சீட்டுப் பொட்டலம்

குந்தாரப்பள்ளிக்கு அருகே ரேடியேட்டர் கொதித்து எங்கள் சேலம் பஸ் நிற்கிறது. ஓசூரிலும் சூளகிரியிலும் இதே கதைதான். உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. கண்டக்டர் முன் சீட்டுக்காரர்களுக்கு மட்டும் புளியோதரைப் பொட்டலம் கொடுக்கிறார்.

"பின்னாடி உக்காந்தவங்களுக்கு வயிறு இல்லையா?" என்கிறேன்.

"உங்க டிக்கெட்டுல சோறு சேராதுங்க."

பின்பக்கத்தில் எனக்கு அடுத்த முன் சீட்டில் ஒரு கைக்குழந்தைக்காரி; அவளுக்கும் பொட்டலம் இல்லை. பசியில் அவளுக்குப் பால் சுரக்கவில்லை, குழந்தை வீறிட, அவளும் அழுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. குதித்து இறங்கி, கூடை சுமந்து போகும் ஓர் அம்மாளை மறிக்கிறேன்.

"கூடையில என்னம்மா?"

"களிதான் தம்பி. ஏர் ஓட்றவங்களுக்கு."

விஷயத்தைச் சொன்னதும் அவர் விறுவிறுவென்று பஸ்ஸில் ஏறுகிறார். "ஊட்டா ஆயித்தா தாயி?" என்று, சாப்பிட்டாயா என அந்தப் பெண்ணிடம் கன்னடத்தில் கேட்கிறார். அவள் இல்லையென்று தலையசைக்கிறாள். உடனே கேழ்வரகுக் களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் அவள் மடிக்கு வந்துவிடுகின்றன. எனக்கும் ஓர் உருண்டை. சோறு போல மெல்லுகிறேன்; பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை.

"ஐயோ, களியப் போயி மெல்றாரு பாரு! குழம்புல தொட்டு முழுங்கு தம்பி!"

அழுதுகொண்டிருந்தவளும் சிரித்துவிடுகிறாள்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த டிரைவர் இன்ஜினைக் கிளப்பி ஹாரனை அழுத்துகிறார்.

"ஊதாதே! பச்சப்புள்ளக்காரி சாப்புட்றா," என்று அம்மாள் அதட்டுகிறார். "எங்க ஏர் மாடே எனக்காக நிக்குது, உன் வண்டி நிக்காதா?"

டிரைவர் இன்ஜினை அணைக்கிறார்.