கூடுதலாக ஒரு வரிசை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு போர்வைக்கு ஊக்குக் குத்தியது. ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி, அடித்துணியைத் தரையில் விறைப்பாக இழுத்து டேப் ஒட்டினோம். அதன்மேல் பஞ்சு விரிப்பு. அதற்கும் மேல், துண்டுத் துணிகளை அம்மா கட்டங்கட்டமாகத் தைத்துச் சேர்த்த மேல்துணி. மூன்றும் நகராதபடி உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு. அம்மாவுக்கு முட்டி மடங்காது. அவள் முக்காலியில் உட்கார்ந்து இடத்தைக் காட்டினாள். நான் தவழ்ந்தேன்.

"லிஃப்ட் சோதிக்கிற இன்ஜினியரம்மா, ஒரு வயசுல தவழ மாட்டேன்னு அடம் பிடிச்சே. இப்ப வட்டியோட தவழு."

"பேசாம இடத்தைக் காட்டும்மா."

மேல்துணி வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"நாங்க போர்வை குடுக்கிற டயாலிசிஸ் ரூம்ல ஜன்னலோரம் ஒருத்தர். ஏணி மாதிரி ஆளு. எதைப் போத்தினாலும் பாதம் வெளியில நிக்குது. அதான் ஒரு வரிசை கூட."

அந்த அறையின் குளிர் அவளுக்குத் தெரியும். மெஷினுக்குள் போய்த் திரும்பும் ரத்தம் உடம்பையே சில்லிட வைக்கும். அப்பா அங்கே படுத்திருந்த வருடங்களில் அவர் பாதங்களைத் தேய்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். தையல் கடையில் பிறர் கால்சட்டைகளைக் குட்டையாக்கிக் கொடுப்பது அவள் வேலை. "நீளமாக்கிக் குடுன்னு ஒருத்தரும் வந்ததில்லடி" என்பாள். அப்பா போனபின், நூலகத்தின் பின்னறையில் கூடி, அதே ஆஸ்பத்திரிக்குப் போர்வை தைத்துக் கொடுக்கும் பெண்களோடு சேர்ந்தாள். அங்கே எல்லாப் போர்வையும் ஒரே அளவு. ஆஸ்பத்திரி அலமாரித் தட்டின் அளவு. அந்த அளவு தப்பாமல் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்ணுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர் வைத்தவள் அம்மாதான்.

மறுநாள் காலை அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம்.

ஊக்குக் குத்திய போர்வையை அந்தப் பெண்கள் வாங்கிப்போய் முடித்தார்கள். என்னைப் பின்னறைக்கு வரச்சொன்னார்கள். போர்வையை மேசையில் விரித்தார்கள். எனக்கென்று ஒரு தலையணை உறையும் கொடுத்தார்கள். அதிலும் அம்மாவின் கட்டங்கள்.

"கடைசிப் போர்வையில எண்ணிக்கை தப்பிடுச்சு, பாவம்" என்றாள் ஸ்கேல் அக்கா. "ஒரு வரிசை ஜாஸ்தி. அப்படியே அனுப்பினா யாராவது குறை சொல்லுவாங்க. உங்கம்மாவைச் சொல்ல விடுவோமா? பிரிச்சு எடுத்து, அதுலதான் உனக்கு உறை தைச்சோம். சுவடே தெரியாது."

பார்த்தேன். தெரியவில்லை. சுத்தமான வேலை.

"அது தப்பு இல்லக்கா. ஒருத்தரோட காலுக்கு."

ஏணி மாதிரி ஆளைப் பற்றிச் சொன்னேன். ஒருத்தி மட்டும் மெல்ல, "பிரிக்கிறதுக்கு முன்னாடி இவளைக் கேட்டிருக்கலாமே" என்றாள்.

ஸ்கேல் அக்கா உறையை என் கையிலிருந்து வாங்கி, ஓரத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"அவ இருந்திருந்தா கிழிச்சிருப்பா என்னை. ஸ்கேலை முழுங்கினவளே, கண்ணையும் சேர்த்து முழுங்கிட்டியான்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பஞ்சு இருக்கு. திரும்பச் சேர்த்திடலாம். ஒட்டு தெரியும், பரவாயில்ல. அவர் எந்தக் கிழமை வருவார்?"

எனக்குத் தெரியாது. அவர் பெயரும் தெரியாது. அவருடைய முறையை மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டு, புதிய கிழமை எது, நேரம் எது என்று அந்தத் திங்கட்கிழமை காலை அம்மா போய் நர்ஸிடம் கேட்டுவர இருந்தாள்.