அடக்க முடியாத சத்தம்

நேற்று பஸ்ஸில் முன்சீட்டுச் சிறுமி கழுத்தை வெடுக் வெடுக்கென்று இழுத்து, தொண்டையில் ‘க்கும், க்கும்’ என்று சத்தமிட்டாள்.

சுனாமிக்கு அடுத்த வருடம், மரக்காணத்தில், பத்து வயதில் எனக்கும் அப்படித்தான் வந்தது. அடக்க அடக்கப் பீறிடும். டாக்டர் நரம்புக் கோளாறு என்றதைப் பெரியம்மா நம்பவில்லை. “கடல்ல செத்தது எதுவோ புடிச்சிருக்குது” என்று பூசாரியிடம் இழுத்துப்போனாள். அவர் எனக்குச் சூடு போடக் கரண்டியை நெருப்பில் வைத்தார். பயத்தில் சத்தம் இன்னும் கூடியது.

உப்பளத்திலிருந்து அப்பா ஓடிவந்தார். “பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்பொண்ண விடுங்க!” என்று என்னைத் தூக்கிக்கொண்டார்.

வளர்ந்தபின் இழுப்பு நின்றுவிட்டது. ஆனாலும் யாராவது உற்றுப் பார்த்தால் இன்றும் தோளை இறுக்கிக்கொள்வேன்.

பஸ்ஸில் சிறுமியின் அம்மா அடிக்கக் கை ஓங்கினாள்.

“அடிக்காதீங்க. அவ வேணும்னு செய்யல. எனக்கும் இருந்துச்சு” என்றேன்.

அதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.