மதினி கொண்டுவந்த பால்

போன வருஷம் ஐப்பசியில, பந்தல்குடிப் பக்கத்துல எங்க ஊர்ல நடந்தது இது. நெனச்சா இன்னமும் எனக்குக் கோவமும் வருது, சிரிப்பும் வருது.

எங்க வீட்டுக்காரருக்கு நுரையீரல்ல புத்துநோய். மதுரைக்குப் போயிப் போயி ஊசி ஏத்திக்கிட்டு வந்தோம். நோய் அடங்கலை. டாக்டரம்மா, "நோயோட சண்டை போடுற அணுக்கள் நம்ம ரத்தத்துலயே இருக்கு. அதைப் புத்து அடக்கி வச்சிருக்கு. அந்தக் கட்டை அவிழ்த்துவிடுற மாத்திரை ஒண்ணு ஆராய்ச்சியில இருக்கு. கேக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன், சம்மதமா?"ன்னு கேட்டாக. சம்மதிச்சோம். வீட்டுலயே சாப்பிடலாம், உடம்புக்கு எது செஞ்சாலும் உடனே போன் பண்ணணும்னு சொல்லி அனுப்புனாக.

எங்க பக்கம் காய்ச்சலுக்கே ஊசி போட்டாத்தான் வைத்தியம். பெரிய நோய்க்காரரை மாத்திரையக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாகன்னா, கைவிட்டுட்டாகன்னு அர்த்தம். நாங்க பஸ்ஸ விட்டு எறங்குறதுக்குள்ள சேதி ஊரெல்லாம் போயிருச்சு. ஆப்பிளும் ஆர்லிக்ஸுமா வந்தவுக, இவுக மூஞ்சியப் பாத்துப் பாத்து அழுதாக. இவுகளுக்கே சந்தேகம் வந்துருச்சு. "எங்கிட்ட எதையும் மறைக்கிறியா?"ன்னு கேட்டாக. மாத்திரைய நீட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக.

ரெண்டு நாளா மாத்திரை உள்ள போகல. அந்த நேரம் பாத்து இவுக அக்கா, எனக்கு மதினி, பரளச்சியில இருந்து சொம்பு நிறையப் பாலோட வந்தாக. உசுரு நிம்மதியா அடங்கட்டும்னு கடைசி நேரத்துல சொந்தபந்தம் வாயில ஊத்துற பால்! இவுக கட்டில்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காக. "நெனவு இருக்கையிலயே அக்கா கையால ஒரு வாய் குடிச்சிருய்யா"ன்னு மதினி கரண்டிய நீட்டுறாக. கூட வந்தவுக மூக்கச் சிந்துறாக. இவுகளும் பேப்பரக் கீழ வச்சுட்டு வாயத் தொறந்துட்டாக பாருங்க!

வெடுக்குன்னு சொம்பப் புடுங்குனேன். "மதினி, கோவிச்சுக்கிறாதீக. இந்த மனுசனுக்கு இப்ப யாரும் பால் ஊத்த வேணாம். உக்காருங்க, டீ போட்டுத் தாரேன்!"

போட்டேன். அம்புட்டுப் பாலையும் அடுப்புல ஏத்தி, இஞ்சி தட்டிப் போட்டு, வந்த எல்லாத்துக்கும் குடுத்தேன். மதினி டம்ளரைத் தொட மாட்டேன்னாக. குடிக்காமப் போனா இனி இந்த வாசப்படி மிதிக்காதீகன்னுட்டேன். அதோட விடல, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சு, நடந்ததைச் சொன்னேன். "கைவிட்டுட்டா நான் எதுக்கும்மா மாத்திரை குடுக்கப் போறேன்? யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"ன்னு அவுக போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு.

அப்புறம் இவுக, "எனக்கு டீ இல்லையாடி?"ன்னாக. மொதல்ல மாத்திரைன்னேன். கைய நீட்டி வாங்கிப் போட்டுக்கிட்டாக. மதினியும் அழுதுக்கிட்டே டீயக் குடிச்சாக.

இப்பக் கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்காம். எம்புட்டு நாளைக்குன்னு டாக்டரம்மா சொல்லல, நானும் கேக்கல. சுத்தி நிக்கிறவுக முடிவு கட்டிட்டா, நல்லா உக்காந்திருக்கிற மனுசனும் வாயத் தொறந்துருவான்னு அன்னைக்குக் கண்ணால பாத்தேன். அதனால நோய்ப்பட்டவுக வீட்டுக்குப் போனா, வாசல்லயே கண்ணத் தொடச்சுட்டுத்தான் நான் உள்ள போறேன்.