கப்பல் நின்றபின் கேட்ட கடல்

கப்பலின் இன்ஜின் பழுதாகி சர்வே பாதியில் நின்றுவிட்டது என்று எங்கள் கச்சிபௌலி அலுவலகத்துக்குத் தகவல் வந்தபோது, நான் சீஸ்மிக் டேட்டா பிராசஸிங் பிரிவில் இருந்தேன். கப்பலில் உள்ள ஏர்கன் நீருக்குள் காற்றை வெடிப்பாகப் பீய்ச்சும்; அப்படி ஒவ்வொரு வெடிப்பும் ஒரு ஷாட். கடல்தரையில் இறக்கிய சென்சார்கள் எதிரொலியைப் பதியும். அதை வைத்து அடியில் உள்ள மண் அடுக்குகளைப் படமாக்குவது எங்கள் வேலை.

எண்ணெய்க் கிணற்று மேடையின் கால்கள் ஊன்றவேண்டிய இடத்தில் ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. சென்சார்கள் மட்டும் அங்கே பல வாரங்கள் பதிவுசெய்துகொண்டே இருந்திருக்கின்றன. கிளையன்டான எண்ணெய் நிறுவனத்தார் அந்த இடத்தைப் பழைய வரைபடத்தை நம்பியே முடிவுசெய்யப் பார்த்தார்கள்.

அலைகள் ஓயாமல் கடல்தரையை அசைத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு சென்சார்களின் பதிவை ஒப்பிட்டு, நாள் நாளாகக் கூட்டினால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மண் வழியே போன அதிர்வு மட்டும் மிஞ்சும். அது மெதுவாகப் போயிருந்தால் மண் இளக்கம். இதை மேனேஜர் பாஸ்கரிடம் சொன்னேன். அவர் இந்த ஊரிலேயே, மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்து, இங்கத்திய உருது கலந்து பேசும் தமிழர்.

"ஷாட்டே இல்ல, வெறும் நாய்ஸ், சும்மா இரைச்சல். நக்கோம்மா, கைக்கு இந்த வேலை?" என்றார். நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு.

"ஷாட் எடுக்கத்தான் சார் கப்பல் வேணும். அலை தானா அடிக்குது. ஒரு வாரம் குடுங்க."

அரை மனதோடு சம்மதித்தார்.

முதலில் வந்தது குப்பை. சென்சார்களின் கடிகாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். மறுபடி ஓட்டியபோது, சென்சார்களுக்கு இடையே அதிர்வு நகர்ந்த கோடு திரையில் தெளிவாக விழுந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே இருந்தது.

மேடையின் ஒரு கால் வரவேண்டிய இடத்தில் அதிர்வு தயங்கித் தயங்கிப் போயிருந்தது. பழைய வரைபடம் அங்கே கெட்டி மண் என்றது. பாஸ்கர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே கிளையன்டுக்கு போன் போட்டு, மண் மாதிரி எடுக்காமல் காலை ஊன்றவேண்டாம் என்று வாதாடினார்.

மழைக்காலம் முடிந்து மாதிரி எடுத்தார்கள். மாதிரி எடுக்க இறக்கிய குழாய் தன் எடையிலேயே சேற்றுக்குள் இறங்கிவிட்டதாம். மேடையை நகர்த்தினார்கள். "ஹவ், ஆமா, உன் நாய்ஸ் சொன்னது சரிதான்," என்றார் பாஸ்கர்.

அதுவரை ஷாட்டுகளுக்கு இடைப்பட்ட பதிவை நாங்கள் அழித்துவிடுவோம். இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எதையும் நாய்ஸ் என்று ஒதுக்குமுன், எந்த வேலைக்கு அது நாய்ஸ் என்று கேளுங்கள்.