நான் கொன்ற ஒரே மிருகம்

இன்று கம்பெனி பஸ்ஸில் என்னை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

(கிரிக்கெட் அணி இல்லை. போனில் நாலு பேராகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை. செய்யாறில் ஏறினால் ஆரணி வரும்வரை இதுதான் எங்கள் பொழுதுபோக்கு.)

நீக்கியவன் டேனியல். என் லைனில் வேலை பார்ப்பவன். இருபத்தாறு வயது.

"அண்ணா, ஒரு வருஷமா கூட ஆடறீங்க. இதுவரைக்கும் எத்தன பேர சுட்டுகிறீங்க தெரியுமா? சைபர்!"

"அடிபட்டவங்களுக்கு மருந்து குடுத்தேனேப்பா."

"மருந்து குடுக்க நம்ம கம்பெனிலயே நர்ஸ் கீறாங்கண்ணா. நீங்க சுடணும்!"

காலை நாலு மணிக்கு எழுந்து ஷிஃப்டுக்குப் போனவனுக்கு யாரையும் சுடும் தெம்பில்லை என்றேன். அது பாதி உண்மை. மீதியை எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பதினோரு வயதானபோது மாமா சென்னையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிவந்தார். அம்மாவின் தம்பி.

நாங்கள் தமிழ் ஜைனர்கள். (எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். இந்த ஊர்தான். எப்போதும் இந்த ஊர்தான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.)

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். எறும்புகள் வரிசையாகப் போனால், கடைசி எறும்பு கடக்கும்வரை அப்பா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

அப்படிப்பட்ட வீட்டு டிவியில், தொப்பி போட்ட ஒரு குள்ள மனிதர் ஓடிவந்து ஆமையின் மேல் குதித்தார்.

ஆமை நசுங்கியது. நூறு பாயிண்ட் வந்தது!

அப்பா செய்தித்தாளை மடித்தார்.

"இன்னாடா இது? ஆமைய மிதிச்சா பரிசா?"

"கேம்பா."

"நாளைக்கே உங்க மாமன் கிட்ட திருப்பிக் குடுத்துடு."

தம்பி ஆசையாகக் கொண்டுவந்தது திரும்பிப் போவதில் அம்மாவுக்கு விருப்பமில்லை. அப்பா அப்போது பட்டுப்புடவைக் கடையில் வேலையில் இருந்தார். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க, ஒரு பொடவைக்கு எத்தன பூச்சிய கூட்டோட கொதிக்கற தண்ணீல போடறாங்கன்னு கடைல கேட்டுகினு வாங்க. அப்பறம் ஆமையப் பத்திப் பேசலாம்."

"நான் வேக வெக்கறதும் இல்ல, நெய்யறதும் இல்ல. விரிச்சிக் காட்டி மடிச்சி வெக்கறேன். அவ்ளோதான்."

"அவன் மட்டும் இன்னா, பட்டனத்தான அழுத்தறான்!"

அப்பா செய்தித்தாளை விரித்து, மறுபடி மடித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"ஞாயித்துக்கெழம என் கண்ணு முன்னாடி ஆடு. அட்ட மேல படம் போட்டுகீதே, அந்தக் கோட்டை வரைக்கும் போவணும். சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிக்கணும். ஒரு ஜீவன் போனாலும் பொட்டி போயிடும்."

"நான் செத்தா?"

"நீ செத்தா பரவால்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையை நான் எப்படி விவரிப்பது?

எல்லோரும் மிதித்துக்கொண்டு ஓடும் பாதையில் நான் நின்று வழிவிட்டேன். ஆமை போகட்டும், நத்தை போகட்டும் என்று தள்ளி நின்றேன். காளான் சாப்பிட்டால் குள்ள மனிதர் உயரமாவார். காளானும் எங்கள் வீட்டில் கூடாது. ஆகவே கடைசிவரை குள்ளமாகவே ஓடினேன்.

இரண்டு முறை செத்தேன். அப்பா கண்டுகொள்ளவில்லை.

ஆனால் ஒரு குட்டி நத்தை காலருகே வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கால்கள் இரண்டும் தரையைவிட்டு மேலே போயின!

"பாத்துடா, பாத்து! ஜல்தி தாண்டு!"

அந்த நொடியில்தான் எனக்கு இந்த வீடியோ கேம் பைத்தியம் பிடித்தது. முப்பது வருடமாகியும் தெளியவில்லை.

கோட்டைக்குள் நுழையும்போது ஜன்னலில் வெயில் மங்கிவிட்டது. அம்மா தட்டு வைத்துவிட்டாள். எனக்கு ஒரே ஒரு உயிர் மிச்சம்.

பாலத்தின் நடுவில் மாடு போல ஒரு மிருகம், கொம்போடு குதித்துக்கொண்டிருந்தது. அது மேலே போன நேரத்தில் அடியில் புகுந்து ஓடினேன். பாலத்தின் மறுமுனையில் ஒரு கோடரி. தொட்டேன்.

பாலம் அறுந்தது. மிருகம் கீழே விழுந்து மறைந்தது.

அப்பா நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்தார்.

"அது செத்துதா?" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் இருந்தது கருப்பு வெள்ளை டிவி. பாலத்துக்குக் கீழே வெள்ளையாக அலையடித்துக்கொண்டிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "தண்ணீலதான வுழுந்துச்சு. நீந்திக் கரையேறிடும். சாப்ட வாங்க, இருட்டப் போவுது."

அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்து அலையைப் பார்த்தார்.

"மாடு நல்லா நீந்தும்," என்றார்.

பெட்டி எங்கள் வீட்டிலேயே இருந்தது.

நாலு வருடம் கழித்து நண்பன் வீட்டுக் கலர் டிவியில் அதே ஆட்டத்தைப் பார்த்தேன். கோட்டை வந்தது. பாலம் வந்தது.

கீழே இருந்தது தண்ணீர் இல்லை. சிவப்பாக, குமிழியிட்டுக் கொதிக்கும் நெருப்புக் குழம்பு.

வீட்டுக்கு வந்து, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்கள் ஆடிவிட்டேன். எதிலும் யாரையும் கொன்றதில்லை. ஒன்று போதும் என்று இருக்கிறது.

(டேனியலிடம் இதையெல்லாம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவன் என் இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துவிட்டான்.)

இன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவருக்கு எழுபத்தைந்து வயது. நான் போனில் ஆடுவது தெரியும்.

"இன்னிக்கு யாரையாச்சும் சுட்டியா?"

"இல்லப்பா. சுடலைன்னு டீம்ல இருந்தே எட்த்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

சாப்பிட உட்கார்ந்தோம். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

"அன்னிக்குப் பாலத்துல இருந்து வுழுந்துச்சே ஒரு மாடு... கரையேறியிருக்கும் இல்ல?"

முப்பது வருடம் கழித்துக் கேட்கிறார்! இத்தனை வருடமும் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"அப்பவே ஏறிடுச்சுப்பா," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

நண்பர்களே, அப்பா இந்தத் தளத்துக்கு வருவதில்லை. உங்களில் சிலருக்கு அவரைத் தெரியும். எங்கேயாவது பார்த்து, அவர் கேட்டால், தண்ணீர் என்றே சொல்லுங்கள். ஆழம்கூட அதிகம் இல்லை என்று சொல்லுங்கள்.