வாய்க்காலுக்கு மேலே

வாய்க்கால்மேட்டில் கிழக்கு மேற்கு சொல்லி யாரும் வழி காட்ட மாட்டார்கள். வாய்க்காலுக்கு மேலே, வாய்க்காலுக்குக் கீழே, அவ்வளவுதான். சர்ச் மேலே, பேக்கரி கீழே. மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக மலையை வெட்ட வந்தவர்கள், வேலை முடிந்தும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டதால் உண்டான ஊர் அது. அவர்களுக்கு வாய்க்காலை விட்டால் வேறு என்ன அடையாளம் இருந்தது?

பிராங்ளின் அங்கேயே பிறந்து, வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரைப் பற்றி எதைக் கேட்டாலும் 'எனக்குத் தெரியாததா' என்றுதான் ஆரம்பிப்பார். அவருக்கு கெஸியா என்று ஓர் அக்கா. வாய்க்கால் வெட்டும்போது கூடாரத்தில் பிறந்து, முதல் பனிக்காலத்தைத் தாங்காமல் போன கைக்குழந்தை. அப்போது ஊருக்குக் கல்லறைத் தோட்டமும் கிடையாது, சுடுகாடும் கிடையாது. "வாய்க்காலுக்கு மேல, கற்பூர மரத்தடியில" என்று அம்மா சொல்வாள். கூட வந்து காட்டியதில்லை. போனால் திரும்பி வர மனசு வராது என்று அவளுக்குப் பயம்.

அம்மா போன பிறகு பிராங்ளினே தேடிப் போனார். மரம் இருந்தது, அடியில் சின்னக் கற்குவியலும் இருந்தது. சிமென்ட் சிலுவை ஒன்றை நட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவத்தி, பூ, ஒரு பாட்டம் பேச்சு. நரைத்த தலையோடு ஒரு கைக்குழந்தையை அக்கா என்று கூப்பிடுகிறாரே என்று மனைவி பிரிஸில்லாவுக்குச் சிரிப்பு வரும்.

இந்த வருட மழையில் மண் சரிந்தது. கல்லறைத் திருநாளுக்கு அவர் போனபோது, சிலுவைக்கு மேலே மலைச்சரிவில், சரிந்த மண்ணை அள்ள ஜேசிபி தோண்டிய இடத்தில் கல் பதித்த ஒரு பழைய வாய்க்கால் தெரிந்தது. ஆட்கள் கூடி நின்றார்கள். வாய்க்கால் காவலராக இருந்த பாலசுப்பிரமணியம் சாதாரணமாகச் சொன்னார்.

"இதுதானுங்க மொத வாய்க்கா. நீங்க கைக்கொழந்தையா இருக்கறப்ப மண்ணு சரிஞ்சு மூடிருச்சு. அப்பறந்தான் கீழ புதுசா வெட்டுனாங்க. எங்கப்பா சொல்லுவாரு."

பிராங்ளின் மேலே கையைக் காட்டினார், கீழே காட்டினார். அக்கா போனபோது வாய்க்கால் அங்கே இருந்ததென்றால் இந்த மரம் கீழேதானே? அம்மா மேலே என்றுதானே சொன்னாள்? கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தார். மரம் நகரவில்லை.

கூட்டத்திலிருந்து சுலோச்சனா முன்னால் வந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். கற்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்க மூத்த அண்ணனும் உங்கக்கா போன அந்தப் பனியிலதான் போனானுங்க. வாய்க்காலுக்குக் கீழ, மரத்தடியிலன்னு அம்மா சொல்லும். நாங்க இப்ப இருக்கற வாய்க்காலுக்குக் கீழதான் தேடுனோம். கெடைக்கல. தண்ணி கொண்டு போயிருச்சுன்னு உட்டுட்டோம்."

பிராங்ளின் அவசரமாகச் சிலுவையைப் பிடித்துப் பிடுங்கப் பார்த்தார். அது அசையவில்லை. பழைய வாய்க்காலுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். மலை முழுக்கத் தேயிலை. அங்கே எந்த மரத்தடி, எந்தக் கல்?

"அந்தப் பையனுக்குப் பேரு என்னங்க?" என்று கேட்டார்.

"பேரு வெக்கறதுக்குள்ளயே போயிட்டானுங்க."

இத்தனை வருடமும் அவனைத்தான் அக்கா, அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். சிலுவையை விட்டுவிட்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்தார். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"எங்கக்காவுக்கு இத்தன வருசமா யாருமே போகலைங்களே" என்றார்.

சுலோச்சனா அவர் பக்கத்தில் குந்தினார்.

"எங்கண்ணனுக்கும் நாங்க யாரும் வரலீங்க. நீங்கதான் வந்தீங்க."